பேணுதலுக்கு மூன்று நிமிடம்

நோன்பின் முதல் பதினெட்டு நாட்கள் மணி சரியாக அடித்தது. பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை, இரண்டு நிமிடம் முந்தி அடித்தது. ஜெனிஃபா அதைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டர் பிரிவின் கண்ணாடி அறைக்குள் அவள் வேறு வேலையாக இருந்தாள்.

தொழிற்சாலை ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடி போகிற நெடுஞ்சாலையில் இருந்தது. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். தையல் கூடத்தில் நூற்று நாற்பது பெண்கள். அதில் அறுபது பேருக்கு மேல் நோன்பு வைத்திருந்தார்கள். ஆர்டர் அவசரம் என்று அந்த மாதம் எட்டு மணிவரை ஓவர்டைம். செல்போனைக் காலையிலேயே வாசலில் கொடுத்துவிட வேண்டும். பக்கத்தில் பள்ளிவாசல் கிடையாது. இருந்திருந்தாலும் தையல் இயந்திரங்களின் சத்தத்தில் பாங்கு கேட்டிருக்காது.

முன்பெல்லாம் வாசல் காவலாளிதான் நோன்பு திறக்கும் நேரம் பார்த்து ஓடிவந்து சொல்வார். போன வருடம் ஒருநாள் அவர் ஒரு லாரி டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டு மறந்துபோனார். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். மறுநாள் லைன் சூப்பர்வைசர் உமைமா கண்ணாடி அறைக்கு வந்தார்.

"ஜெனி, ஷிஃப்ட் மணிய இந்தக் கம்ப்யூட்டர்தானே அடிக்குது? நோன்பு தொறக்கற மக்ரிபுக்கும் அதையே அடிக்கச் சொல்லேன். நீ படிச்ச பொண்ணு."

ஜெனிஃபா பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். கம்ப்யூட்டர் வேலையைத் தானாகக் கற்றுக்கொண்டாள். நோன்பு வைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

சூரியன் மறையும் நேரத்தை அவள் கணக்கிடவில்லை. அதற்கென்று ஒரு லைப்ரரி இருந்தது. யாரோ சிலர் எழுதி இலவசமாகப் பொதுவில் வைத்திருக்கும் நிரல். ஊரையும் தேதியையும் சொன்னால் தொழுகை நேரங்களைத் தரும். அதில் இன்னும் எத்தனையோ அளவுகளை நாம் குறிப்பிடலாம். குறிப்பிடாமல் விட்டால் லைப்ரரி தானாகவே ஓர் அளவை எடுத்துக்கொள்ளும். டிஃபால்ட் என்பார்கள். ஜெனிஃபா ஊரை மட்டும் சொன்னாள். மற்றதையெல்லாம் டிஃபால்ட்டாக விட்டுவிட்டாள். மணி அடித்தது. பெண்கள் நோன்பு திறந்தார்கள்.

அதன்பிறகு கூடத்தின் வழியாக அவள் நடக்கும்போது பெண்கள் தலைநிமிர்ந்து சிரித்தார்கள். மாலையில் உமைமா ஒரு டம்ளர் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். மூன்று வருட வேலையில் அவள் பெயர் அந்தக் கூடத்துக்குத் தெரியவந்தது அந்த மணியால்தான்.

இந்த வருடம் நோன்பின் நடுவில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருவதாகச் செய்தி வந்தது. கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் ஜெயப்பிரகாஷ், எல்லா இயந்திரங்களையும் அப்டேட் செய்துவிடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஜெனிஃபா செய்து முடித்தாள். மணி அடிக்கும் கம்ப்யூட்டரிலும் எல்லாம் புதிய பதிப்பாயிற்று. பிழை எதுவும் வரவில்லை. ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது.

வியாழக்கிழமை நோன்பு திறந்து, தொழுது, டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு பிரின்டர் கோளாறுக்காக ஜெனிஃபா கூடத்துக்கு வந்திருந்தாள். தில்ஷாத் என்கிற பெண் உமைமாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஆபா, என் நோன்பு கார்டுல மக்ரிப் ஆறு இருபத்தாறுன்னு போட்டிருக்கு. மணி அடிக்கச்சே கடிகாரத்துல இருபத்து மூணுதான் ஆச்சு."

"எந்தக் கடிகாரம்? சுவத்துல தொங்குதே, அதுவா?" என்றாள் பக்கத்து இயந்திரத்து பாக்யலட்சுமி. அவளுக்கு நோன்பு கிடையாது. ஆனால் அந்த மணிதான் அவளுக்கும் டீ நேரம். "போன மாசம் பூரா அது பன்னண்டு மணியிலயே நின்னுக்கினு இருந்துது. அத நம்பினா நீ வீட்டுக்கே போக மாட்ட."

எல்லோரும் சிரித்தார்கள்.

"பேட்டரி புதுசுக்கா."

"பேட்டரி புதுசு, கடிகாரம் பழசு. கம்ப்யூட்டர் பொண்ணு இதோ நிக்குது, அதையே கேளு."

உமைமா திரும்பினார். "இன்னாம்மா ஜெனி, மணி சரிதானே?"

"சரிதான் அக்கா. கம்ப்யூட்டர் நேரம் நெட்லேர்ந்து வருது. ஒரு செகண்ட் கூட மாறாது."

"கேட்டுக்கினியா? ஒரு செகண்டு!" என்றாள் பாக்யலட்சுமி. "இவளுக்குப் பசி கம்மி. அதான் கணக்குப் பாக்குறா."

தில்ஷாத்தும் சிரித்துவைத்தாள். முகம் சிவந்திருந்தது.

ஜெனிஃபா சொன்னது பொய்யில்லை. கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. கண்ணாடி அறைக்கு வந்து, அன்றைக்கு மணி அடித்த நேரத்தைப் பார்த்தாள். 6:23. போன சனிக்கிழமை 6:26. மார்ச் மாதத்தில் ஐந்து நாளில் சூரியன் மூன்று நிமிடம் நகராது. அது படித்தவளுக்குத் தெரிய வேண்டும்.

லைப்ரரியின் பக்கத்தைத் திறந்தாள். புதிய பதிப்பின் மாற்றங்களில் முதல் வரியே அதுதான். சூரியன் மறைந்தபின் பேணுதலுக்காக, அதாவது முன்னெச்சரிக்கையாக, மூன்று நிமிடம் கூட்டுவது இதுவரை டிஃபால்ட்டாக இருந்தது, இனி கூட்டமாட்டோம், வேண்டுபவர்கள் எத்தனை நிமிடம் என்று தாங்களே குறிப்பிட வேண்டும்.

அவளுக்குக் கோபம் வந்தது. கேன்டீன் வரிசையில் முன்னால் நுழைபவர்களைக்கூட ஒன்றும் சொல்லாதவள், ஆங்கிலத்தில் நீளமாக ஒரு புகார் எழுதி அந்தப் பக்கத்தில் போட்டாள். ஆறு வருடமாக இருந்த ஒன்றை மாற்ற உங்களுக்கு என்ன உரிமை. இதை நம்பி எத்தனை ஊர்களில் மணி அடிக்கிறது தெரியுமா. இது மக்களின் வழிபாடு, உங்கள் சோதனைக்கூடம் அல்ல. பழையபடி மாற்றுங்கள். அனுப்பிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தாள். நன்றாக எழுதியிருப்பதாகத் தோன்றியது.

மூன்று நிமிடத்தைத் தன் நிரலில் அவளே கூட்டியிருக்கலாம். ஒரு வரி வேலை. அவர்களே திருப்பிக் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். போனது பேணுதல் நேரம்தானே, சூரியன் மறைந்தபிறகுதானே மணி அடிக்கிறது, நோன்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குப் பதில் வந்திருந்தது. அதற்குள் அவள் புகாருக்குப் பதினான்கு பேர் ஆதரவாகக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

எழுதியவர் பெயர் முஜாஹித். எந்த ஊர் என்று இல்லை. முதலில் சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். பிறகு காரணம் சொல்லியிருந்தார். லைப்ரரி ஏற்கெனவே மூன்று நிமிடம் கூட்டுவது தெரியாமல் பல ஊர்களில் பள்ளிவாசல்காரர்கள் தாங்களும் கூட்டிவிடுகிறார்கள். மக்கள் வீணாகக் காத்திருக்கிறார்கள். வேறு சிலர் அது கூட்டுவது தெரியாமலே அதை நம்பியிருக்கிறார்கள், அது இன்னும் ஆபத்து. இரண்டு வருடமாக ஒவ்வொரு முறை ஓடும்போதும் எச்சரிக்கை வந்ததே, நீங்கள் பார்க்கவில்லையா?

ஜெனிஃபா தன் நிரலைத் திறந்தாள். எழுதிய வாரத்திலேயே திரையில் மஞ்சள் எழுத்துகளாக ஏதோ வந்துகொண்டிருந்தது. அசிங்கமாக இருக்கிறதென்று எச்சரிக்கைகளைக் காட்டாதே என ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்த வரி அங்கேயே இருந்தது.

முஜாஹித் மேலும் எழுதியிருந்தார். 'நாங்கள் மாற்றிய விதமும் சரியில்லைதான். அந்தக் கட்டளையின் பெயரையே மாற்றியிருக்கலாம். பழைய நிரல்கள் அப்படியே நின்றுபோயிருக்கும். நின்றுபோனால் யாராவது வந்து பார்ப்பார்கள். சத்தமில்லாமல் வேறு நேரம் காட்டுவதைவிட அது மேல். அதைப் பற்றி எங்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் பேணுதல் இல்லாவிட்டாலும் நேரம் சூரியன் மறைந்த பிறகாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் எந்த இடத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்?'

அவள் கொடுத்திருந்தது வேலூர். லைப்ரரியின் பட்டியலில் ஆம்பூர் இல்லை. அட்சரேகை தீர்க்கரேகை தேடி எண்களாகக் கொடுத்திருக்கலாம். வேலூர் பக்கம்தானே என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

தீர்க்கரேகையில் மேற்கே ஒரு பாகை போனால் சூரியன் மறைய நான்கு நிமிடம் கூடும். வேலூருக்கும் இந்தக் கூடத்துக்கும் ஏறக்குறைய அரைப் பாகை. இங்கே சூரியன் இரண்டு நிமிடம் தாமதமாக மறைகிறது. இத்தனை நாளும் அவள் சோம்பலை அந்த மூன்று நிமிடம் மூடிவைத்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து மூட ஒன்றும் இல்லை. இந்தப் பெண்கள் பகலிலேயே நோன்பை முறித்துக்கொண்டிருந்தார்கள்.

மணி ஆறு ஆகியிருந்தது. எண்களைத் தேடி எடுத்துத் திரையில் அடித்தாள். கீழே பேணுதல் மூன்று என்று எழுதினாள். சேமித்து, நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும். அவ்வளவுதான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தில்ஷாத் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

"மேடம், நேத்து நான் எதுனா சொல்லிட்டேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க."

"இல்ல..."

"நீங்க எங்களுக்கோசரம்தான் கஷ்டப்பட்டு பண்ணி வெச்சிருக்கீங்க. நான் போய் அந்தக் கடிகாரத்தப் பாத்துட்டு... ஆபா கூட திட்டினாங்க, ஒரு புள்ள நல்லது பண்ணா நம்பக் கத்துக்கோடின்னு. மனசு கேக்கல. அதான் வந்தேன்."

"பரவால்ல," என்றாள் ஜெனிஃபா.

தில்ஷாத்தின் முகம் தெளிந்தது. "வர்றேன் மேடம்" என்று போய்விட்டாள். போகும்போது தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டே கடிகாரத்தின் அடியில் இருந்த தன் இயந்திரத்தில் உட்கார்ந்தாள்.

ஜெனிஃபா திரையைப் பார்த்தாள். இப்போது சேமித்தால் மணி நேற்றைவிட ஐந்து நிமிடம் கழித்து அடிக்கும். அறுபது பேர் கையில் பேரீச்சம்பழத்தோடு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிறகு கண்ணாடி அறையைப் பார்ப்பார்கள். எண்கள் சரிதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். வேறொரு தளத்தில் பார்த்தாள். அதே விடை. இன்னொன்றில் பார்த்தாள். காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். கல்லூரியில்கூட ஒரு கணக்கை இத்தனை முறை சரிபார்த்தது கிடையாது.

அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. 6:23.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. கண்ணாடிக்கு அப்பால் பெண்கள் உதடசைத்து ஏதோ ஓதிவிட்டுப் பழத்தை வாயில் வைத்தார்கள். மேற்குப் பக்கத்து ஜன்னல் தகரத்தில் இன்னும் வெயில் இருந்தது. தில்ஷாத் இந்த முறை கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சிறிது நேரத்தில் கஞ்சி வந்தது. ஜெனிஃபா குடிக்கவில்லை. திருப்பி அனுப்பவும் முடியவில்லை. மேசையிலேயே ஆறிப்போயிற்று.

சனிக்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கும் முன்பே வந்து திருத்தத்தைச் சேமித்தாள். எச்சரிக்கைகளை மறைத்த வரியை எடுத்துவிட்டாள். ஜெயப்பிரகாஷ் வந்ததும் அவரிடம் நடந்ததைச் சொன்னாள். மணி முந்தி அடித்ததை மட்டும்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டு நிமிஷம்தானே? யாருக்குத் தெரியப்போவுது? சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

"அப்ப விடு. எதுக்குப் பேஜார்? ஆடிட் வேற வருது."

"அவங்க நோன்பு கணக்குல வராது சார். திரும்ப வெக்கணும். நாம சொல்லலன்னா அவங்களுக்குத் தெரியாது."

"சரி, சொல்லு. ஆனா அப்டேட்ல வந்த கோளாறுன்னு சொல்லு. அந்த லைப்ரரிக்காரன்தானே மாத்தினான்? நம்ம மேல போட்டுக்காத. நீ ரொம்ப நல்லவளா இருக்காத."

மதிய இடைவேளையில் கூடத்தில் விளக்குகளை அணைத்திருந்தார்கள். நோன்பு இருந்தவர்கள் பேக்கிங் பக்கத்தில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டுப் படுத்திருந்தார்கள். ஜெனிஃபா உமைமாவின் பக்கத்தில் போய் நின்றாள். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்திருந்தாள்.

"அக்கா, மணி முந்தி அடிச்சிருக்கு. ரெண்டு நிமிஷம். சூரியன் எறங்கறதுக்கு முன்னாடி."

உமைமா எழுந்து உட்கார்ந்தார். "இன்னா சொல்ற?"

"நேரம் கணக்குப் பண்றது நான் எழுதினது இல்லக்கா. வேற யாரோ எழுதினது. அவங்க அதுல ஒண்ண மாத்திட்டாங்க. நான் பாக்காம அப்டேட் பண்ணிட்டேன்."

"எத்தினி நாளா?"

"திங்கக்கெழமலேர்ந்து."

"எது வரைக்கும்?"

படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். "வியாழன் வரைக்கும்," என்றாள் ஜெனிஃபா. "நாலு நாள்."

யாரும் கத்தவில்லை. உமைமா எழுந்து வாசலுக்குப் போனார். தன் போனைக் கேட்டு வாங்கி, பேட்டைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துடன் பேசிவிட்டுத் திரும்பினார்.

"நாலு நோன்பு களா வெக்கணும்," என்றார். "பெருநாள் முடிஞ்சி, அவங்கவங்களுக்குத் தோதுப்பட்ட நாள்ல திரும்ப வெச்சிக்கலாம். பொழுது சாஞ்சிட்டுதுன்னு நெனச்சி, தெரியாம தொறந்ததால பாவம் இல்லன்னு சொல்லிட்டாரு."

"மே மாசம் வெயில்ல நாலா?" என்று யாரோ முனகினார்கள்.

"டிசம்பர்ல வெய்யி, யாரு வேணான்னா?" என்றாள் இன்னொருத்தி.

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த பாக்யலட்சுமி விஷயத்தைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் வேற இந்தப் பொண்ண அவ்ளோ கிண்டல் பண்ணிட்டேன். தில்ஷாத்து, உன் கடிகாரத்துக்கு மாலை வாங்கிப் போடறேன்டி."

தில்ஷாத் சிரித்தாள். வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஜெனிஃபாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் உமைமா எல்லோருக்குமாக. "எவனோ எங்கியோ உக்காந்துக்கினு மாத்தினா இது இன்னா பண்ணும்? மறைக்காம வந்து சொல்லுச்சே. வேற ஆளா இருந்தா நமக்குத் தெரியவே தெரியாது. அத்தன பேரும் மண்ணாட்டம் இருந்திருப்போம்."

ஜெனிஃபா போய்விடலாம் என்று ஓர் அடி வைத்தாள். உமைமா வரிசையாகப் போய், தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் தட்டி எழுப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு. நாலு. மறந்துடாதே, நாலு. ஒவ்வொருத்தியும் திருப்பிச் சொன்னாள்.

தில்ஷாத் விரல்களை மடக்கிக் கணக்கிட்டாள். "திங்கள், செவ்வாய், புதன், வியாழன்." நான்கு விரல் மடங்கிக் கட்டைவிரல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து ஜெனிஃபாவின் அருகில் வந்தாள்.

"மேடம், இதுக்குப் போய் அழுவறீங்களா? நாலு நோன்பு ஒரு விஷயமா? எங்க அம்மாவுக்கு ஒவ்வொரு பிரசவத்துக்கும் முப்பது பாக்கி இருக்கும், பொறுமையா வெச்சி முடிப்பாங்க. விடுங்க."

"அஞ்சு," என்று முணுமுணுத்தாள் ஜெனிஃபா.

தில்ஷாத் குனிந்தாள். "இன்னா மேடம்?"

உமைமாவும் திரும்பிப் பார்த்தார். இயந்திரங்கள் ஓடாத அந்தக் கூடத்தில் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்கும்.

"அஞ்சு நோன்பு. நேத்தும் முந்திதான் அடிச்சுது," என்றாள். "நேத்து நீங்க வந்து தப்பா நெனச்சிக்காதீங்கன்னு சொன்னீங்களே, அப்பவே எனக்குத் தெரியும். மாத்தறதுக்கு நேரம் இருந்துது. நான் மாத்தல."